விமானம் ஏறும் முன்: வளைகுடாவுக்குச் செல்லும் தலித் தொழிலாளர்களுக்கான சட்ட வழிகாட்டி

சேரிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் கூலி வேலைக்குச் செல்வோருக்கு அந்தப் பயணம் வருமானத்திற்கான வழி மட்டுமன்று. ஊராரின் நிலத்தை நம்பி வாழும் நிலையிலிருந்து வெளியேறும் வழியும் ஆகும். ஆனால், யாரைச் சார்ந்திருக்கும் நிலையிலிருந்து விடுபட நினைக்கிறோமோ, பல நேரங்களில் அவர்களிடமே பயணச் செலவுக்கான பணம் வட்டிக்கு வாங்கப்படுகிறது. செங்கல் சூளையில் வாங்கும் முன்பணம் ஒரு குடும்பத்தை எவ்வாறு கட்டிப்போடுகிறது என்பதை நாம் அறிவோம். பயணக் கடனும் அதையே செய்கிறது. ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது, ஊதியம் தராத முதலாளியை விட்டு வெளியேற எவராலும் எளிதில் முடிவெடுக்க இயலாது.

எனவே, பெட்டி கட்டுவதற்கு முன்பாகச் செய்ய வேண்டியவை மூன்று: கடனைக் குறைப்பது, நிலத்தைக் காப்பது, ஆவணங்களைத் திரட்டுவது.

முகவரைச் சரிபார்த்தல்

குடிபெயர்வுச் சட்டம், 1983-இன் கீழ் பதிவு பெற்ற முகவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம். பதிவின்றி ஆள் சேர்ப்பது 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் முகவரின் பெயரையும் பதிவு எண்ணையும் எவரும் சரிபார்க்கலாம். கிராமத்திற்கு வந்து பாஸ்போர்ட்டை வாங்கிச் செல்லும் துணை முகவருக்குச் சட்டத்தில் இடமில்லை. அவர் நம் உறவினராகவே இருந்தாலும், அவர் எந்த முகவருக்காகப் பேசுகிறார் என்று கேட்டு, அந்தப் பெயரை இணையதளத்தில் தேட வேண்டும்.

பதிவு பெற்ற முகவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதற்கான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும், அதாவது 35,400 ரூபாய். இதற்கு அவர் ரசீது தர வேண்டும். லட்சக்கணக்கில் கேட்கப்படும் தொகை ‘விசா செலவு’ என்று எந்தப் பெயரில் வந்தாலும் கேள்விக்குரியது. பணத்தை வங்கி வழியாகவே செலுத்துவோம். பின்னாளில் காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ காட்ட அந்த வங்கிப் பதிவே சான்றாக நிற்கும்.

விசாவும் குடிபெயர்வு அனுமதியும்

பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெறாதோரின் பாஸ்போர்ட் பொதுவாக ‘ஈ.சி.ஆர்.’ வகையில் வரும். இவர்கள் சவூதி அரேபியா, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி தேவை. இந்த அலுவலகம் சென்னையிலும் உள்ளது. பள்ளிக்கல்வி மறுக்கப்பட்ட தலைமுறைகளைக் கொண்ட நம் குடும்பங்களில் பலர் இந்த வகையில்தான் வருகிறார்கள். இந்த அனுமதியைத் தடையாகப் பார்க்கக் கூடாது. வேலை ஒப்பந்தமும் முதலாளியின் விவரமும் அரசின் பதிவில் ஏறுவது இதன் வழியாகத்தான்.

இதைத் தவிர்ப்பதற்காகவே சில முகவர்கள் சுற்றுலா விசாவில் அனுப்பி, ‘அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம்’ என்கிறார்கள். சுற்றுலா விசாவில் சென்று வேலை செய்பவர் அந்நாட்டுச் சட்டத்தின் முன் குற்றவாளியாகிறார். ஊதியம் கேட்டுப் புகார் செய்யச் செல்வதற்கே அஞ்சும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். வேலை விசா கைக்கு வராமல் விமானம் ஏறக் கூடாது.

ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வேலைக்குச் செல்வோருக்குப் ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடு கட்டாயம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமடைந்தாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். 2 ஆண்டுகளுக்குப் பிரீமியம் 275 ரூபாய், 3 ஆண்டுகளுக்கு 375 ரூபாய், வரி தனி. காப்பீட்டுப் பத்திரத்தின் நகல் வீட்டில் இல்லாவிட்டால், அப்படியொரு காப்பீடு இருப்பதே குடும்பத்திற்குத் தெரியாமல் போகும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

அடிப்படை ஊதியம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்பது தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பல வளைகுடா நாடுகளில் பணிக்கொடை அடிப்படை ஊதியத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. வேலை நேரம், மிகைநேர ஊதியம், விடுப்பு, தங்குமிடம், மருத்துவம், திரும்பும் விமானச் சீட்டு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இங்கே ஓர் ஒப்பந்தம், அங்கே இறங்கியதும் குறைந்த ஊதியத்தில் வேறோர் ஒப்பந்தம் என்பது பழைய ஏமாற்று வழி. முதல் ஒப்பந்தத்தின் நகல் ஊரில் இருந்தால்தான் அதை எதிர்த்துப் பேச முடியும்.

பாஸ்போர்ட் சட்டம், 1967-இன்படி பாஸ்போர்ட் இந்திய அரசின் உடைமை. அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை முதலாளிக்குக் கிடையாது.

பெண்கள் கவனத்திற்கு

ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கும், 30 வயது நிறைவடையாத பெண்களுக்கு இந்த 18 நாடுகளில் வேலை செய்யக் குடிபெயர்வு அனுமதி வழங்கப்படுவதில்லை. 30 வயதைக் கடந்த பெண்களை வீட்டு வேலைக்குச் சேர்ப்பதற்கும் தனியார் முகவர்களுக்கு அனுமதியில்லை. அரசு நிறுவனங்களே சேர்க்கலாம். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு 1978-இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தினுடையது. ஆகவே வீட்டு வேலை என்று சொல்லித் தனியார் முகவர் அணுகினால், அந்த அணுகுதலே எச்சரிக்கை மணி.

நிலத்தை விற்காதீர்

நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹேரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் வழங்க உத்தரவிடப்பட்ட பஞ்சமி நிலங்களை முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. ஆதிதிராவிடர் நலத்துறை தரும் வீட்டுமனைப் பட்டாக்களும் நிபந்தனைகளோடு வழங்கப்படுபவையே. பயணச் செலவுக்காக இவற்றைப் பிற சாதியாரிடம் எழுதிக் கொடுப்பது சட்டப்படி செல்லாது. ஆனால் கைவிட்டுப் போன நிலத்தை மீட்கப் பல ஆண்டுகள் வழக்காட வேண்டியிருக்கும்.

நிலத்திற்குரியவர் வெளிநாட்டில் இருக்கும்போது ஆக்கிரமிப்பு எளிதாகிறது. புறப்படும் முன் பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களை எடுத்து, எல்லைகளைப் புகைப்படம் எடுத்து வைப்போம். பட்டியல் சாதியினரின் நிலத்தைச் சட்டவிரோதமாக ஆக்கிரமிப்பதும், அதிலிருந்து அவர்களை வெளியேற்றுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பதைத் தவிர்த்து, இன்ன காரியத்திற்கு மட்டும் என்று வரையறுத்த பத்திரத்தை மனைவிக்கோ பெற்றோருக்கோ தரலாம். வெற்று ஸ்டாம்ப் பேப்பரிலும், தொகை எழுதாத புரோநோட்டிலும் கையெழுத்திடக் கூடாது. வட்டிக் கொடுமைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

வீட்டில் இருக்க வேண்டிய கோப்பு

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீடு, முகவரின் ரசீது ஆகியவற்றின் நகல்கள், முதலாளியின் முழு முகவரி, அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண், சாதிச் சான்றிதழ், நியமனதாரர் பெயர் பதிந்த வங்கிக் கணக்கு விவரம், திருமணப் பதிவுச் சான்று. கடைசியில் சொன்னதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வெளிநாட்டில் மரணம் நேர்ந்தால், இழப்பீடு பெற மனைவி என்பதை நிறுவ வேண்டியிருக்கும். சாதி மறுப்புத் திருமணம் செய்த இணையருக்கு, குடும்பத்தாரே எதிர்நிற்கும் நிலையில், இந்தச் சான்று இன்றியமையாதது.

சிக்கல் எழுந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் குடும்பத்தினர் இங்கிருந்தே புகார் பதியலாம். பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவின் கட்டணமில்லா எண் 1800 11 3090. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையையும் அணுகலாம்.

இவற்றில் எதற்கும் வழக்கறிஞர் தேவையில்லை. முகவரின் பதிவு எண்ணைச் சரிபார்க்கவும், ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துச் சொல்லவும், நகல்களைக் கோப்பில் அடுக்கவும் ஒவ்வொரு சேரியிலும் இன்று ஒரு கல்லூரி மாணவரேனும் இருக்கிறார். நம் தெருவிலிருந்து ஒருவர் வெளிநாடு புறப்படுகிறார் என்று கேள்விப்பட்டால், அவர் பாஸ்போர்ட்டை முகவரிடம் கொடுப்பதற்கு முன்பே நாம் அவர் வீட்டுக்குச் செல்ல வேண்டும்.