கோல்ஃப் மன்றத்தின் வாசல் யாருக்குத் திறந்தது?

மாணவர்களே, 'சிங்கப்பூர் ஐலண்ட் கன்ட்ரி கிளப் 1963இல் தோன்றியது' என்று ஒரே வரியில் எழுதி முடிச்சிடாதீங்க. அந்த ஆண்டில் இரண்டு கோல்ஃப் மன்றங்கள் ஒன்றாக இணைந்தன.

மூத்த மன்றம் 1891இல் ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் தொடங்கியது. 1924இல் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியது. சிராங்கூன் சாலையில் நம்மவர்கள் வாழ்ந்தார்கள். திடலோ கூப்பிடு தூரத்தில்தான். ஆனால், உறுப்பினராக ஐரோப்பியராக இருக்கணும்!

எல்லா இனத்தாரும் சேர்ந்து விளையாட உருவானதுதான் ஐலண்ட் கிளப். அதன் திடல் 1932இல் திறக்கப்பட்டது. இரண்டு வாசல்களும் ஒன்றாக மேலும் 31 ஆண்டுகள் ஆயின.

தேர்வில் ஆண்டுகளை எழுதுங்க. கூடவே, 'உள்ளே யார்? வெளியே யார்?' என்றும் கேளுங்க. வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.