முதல் வேட்டை யாருடைய காட்டில்?

எங்கள் குழுவில் ஊவாத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள்தான் அதிகம். ஒருநாள் பேச்சோடு பேச்சாக ஒரு கேள்வி வந்தது. "நீ முதல் முதலா யாரோட வேட்டைக்குப் போன?" எல்லாரிடமும் ஒரு கதை இருந்தது. ஒருத்தருக்குத் தாத்தா, ஒருத்தருக்கு மாமா, இன்னொருத்தருக்குப் பக்கத்து லயத்து அண்ணன். மொனராகலைப் பக்கம் ரப்பர் மலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், விடியாத நேரத்தில், பனியில் நடந்த கதைகள். "செருப்பக் கழட்டு", "இருமாத", "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுனு பாத்து நில்லு." பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த பாடமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அதில் எல்லாருக்கும் பிடித்தது காட்டுக்கோழிப் பாடம். சேவல் கூவுவதற்கு முன்னால் இறக்கையை அடிக்கும். அந்தச் சத்தத்தைப் போலவே துணியை மடித்துத் தொடையில் தட்டினால், தன் இடத்துக்கு வேறு சேவல் வந்துவிட்டது என்று கோபத்தோடு வெளியே வரும். அமெரிக்காவில் வசந்த காலத்தில் வான்கோழி வேட்டைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களும் இதே மாதிரி ஒரு வித்தையைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். பெட்டையின் குரலை எழுப்பி, சேவலைக் கிட்டே வரவைப்பார்கள். அங்கே பல மாநிலங்களில் இளம் வேட்டைக்காரர்களுக்கென்றே தனி நாட்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். பிள்ளை பகிரங்கமாக, அனுமதிச் சீட்டோடு போகிறது.

நாங்கள் போனதோ ஒளிந்து ஒளிந்து. "ஏன் தாத்தா ஒளிஞ்சு போகணும்?" என்று கேட்டால், "தொரைக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. தாத்தா சொல்லாமல் விட்ட அந்த மிச்சக் கதையைத் தேடித்தான் இந்தக் கட்டுரை.

தொரைமாரின் கணக்கு

பதுளை நகரத்தில் சென். மார்க்ஸ் தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். 1857இல் திறக்கப்பட்டது. மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாகக் கட்டியது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர், வழக்கு விசாரித்தவர், பாதை போட்டவர். ஆனால் அவர் பெயர் நிலைத்தது வேறொன்றுக்காக. அவர் சுட்டுக் கொன்ற யானைகள் மட்டும் 1400க்கு மேல் என்று சொல்லப்படுகிறது. 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். யானைகளின் பாவம்தான் இடியாக வந்தது என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள். நுவரெலியாவில் அவர் கல்லறையையும் இடி விடவில்லை என்பது இன்னொரு கதை.

அது ஒரு தனி மனிதரின் வெறி மட்டுமில்லை. பயிரை அழிக்கிறது என்று சொல்லி, யானையைக் கொன்றால் அரசாங்கமே பரிசுப் பணம் கொடுத்த காலம் அது. எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கு இருக்கிறது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்தைய மூன்று வருடத்துக்கும் குறைவான காலத்தில், 3500 யானைகள் கொல்லப்பட்டிருக்கின்றன.

நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் ஊவா மலைகளின் கிழக்கு அடிவாரத்துப் புல்வெளிக் காடுகளுக்கு வேட்டைக்கு இறங்குவார். 1854இல் வந்த அவருடைய வேட்டைப் புத்தகத்தை இங்கிலாந்தில் ஆசையாகப் படித்தார்கள். அடுத்து வந்த இளம் தொரைமாருக்கு அப்படிப்பட்ட புத்தகங்கள்தான் பாடம். எத்தனை விழுந்தது, எத்தனை அடி உயரம், கொம்பு எவ்வளவு நீளம் என்று எல்லாம் கணக்கு. அவர்களின் கூடாரத்தையும் பெட்டிகளையும் சுமந்த கூலிகளும் அந்தப் பக்கங்களில் வருகிறார்கள், பெரும்பாலும் பெயரில்லாமல்.

இதையும் மறக்கக்கூடாது. 1817, 18இல் ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சியை அடக்கிய வெள்ளைக்காரப் படை ஊர்களை எரித்தது, வயலையும் மாட்டையும் அழித்தது. தொரைமார் "மனித நடமாட்டமில்லாத காடு" என்று ரசித்த இடங்களில் சில, ஒரு தலைமுறைக்கு முன்னால் ஊராக இருந்தவை.

சுட்டுச் சுட்டு மிருகம் குறைந்ததும், அதே வட்டத்துக்குக் கவலை வந்தது. 1894இல் வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். தோட்டத் தொரைமாரும் வேட்டைப் பிரியர்களும்தான் அதில் முன்னால் நின்றார்கள். 1900இல் யாலயில் வேட்டை தடைசெய்யப்பட்ட சரணாலயம் வந்தது. பக்கத்திலேயே, இலங்கையில் வசிக்கும் "விளையாட்டு வேட்டைக்காரர்" அனுமதிச் சீட்டோடு சுட ஒரு தனிக் காடும் ஒதுக்கினார்கள். யாலயின் முதல் காவலராக இருந்த எங்கெல்பிரெக்ட் ஒரு போயர் போர்க் கைதி. தியத்தலாவை முகாமில் ஆயிரக்கணக்கான போயர் கைதிகளை அடைத்திருந்தார்கள். பிரித்தானிய முடிக்கு விசுவாசச் சத்தியம் செய்யமாட்டேன் என்று மறுத்ததால் அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. நாட்டை இழந்த ஒருவரைக் கொண்டு காட்டைக் காவல் காத்தார்கள்.

1937இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938இல் யால தேசியப் பூங்கா ஆனது. அதே 1937இல்தான் அமெரிக்காவிலும் ஒரு சட்டம் வந்தது. துவக்குக்கும் தோட்டாவுக்கும் வரி போட்டு, அந்தப் பணத்தைக் காட்டுயிர்களைப் பெருக்கச் செலவழிக்கும் சட்டம். அருகிப்போயிருந்த வான்கோழி திரும்பப் பெருகியதில் அதற்கும் பங்குண்டு. அங்கேயும் பூர்வகுடிகளை விரட்டிய பிறகுதான் இதெல்லாம் நடந்தது. ஆனாலும் சாதாரண வேட்டைக்காரருக்கு அந்தச் சட்டத்தில் ஒரு இடம் இருந்தது. இங்கே தொரையின் வேட்டை விளையாட்டு, ஊராரின் வேட்டை திருட்டு என்ற பழைய பிரிவின் மேல்தான் சட்டம் வந்து உட்கார்ந்தது.

வேடரின் காடு

சட்டத்துக்கு முன்னால் இந்தக் காட்டில் ஒழுங்கே இல்லையா? இருந்தது. செலிக்மன் தம்பதி ஊவாவிலும் அதை ஒட்டிய கிழக்குப் பகுதியிலும் வேடர்களோடு இருந்து பார்த்து 1911இல் எழுதிய நூலில் அது பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தன் வேட்டைக்காடு உண்டு. அடுத்தவர் காட்டில் கேட்காமல் வேட்டையாடக்கூடாது. கிடைத்த இறைச்சியைக் கூட்டத்தோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். செத்துப்போன பெரிய வேட்டைக்காரரான கந்தே யக்காவை ஆடிப் பாடி அழைத்து, வேட்டைக்குத் துணை கேட்பார்கள். ஒரு பையன் வில் பிடிக்கப் பழகுகிறபோதே, எது தன் காடு, யாரிடம் கேட்கவேண்டும் என்பதையும் பழகிவிடுவான்.

அந்தக் காடு துண்டு துண்டாகப் போனது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. 1954இல் கல்லோயா தேசியப் பூங்கா. 1983இல் மகாவலித் திட்டத்தோடு மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, தம்பானை வேடர் பலரை ஹெனானிகலவில் கொண்டுபோய் வைத்தார்கள். தலைவர் திஸாஹாமி போகமாட்டேன் என்று தம்பானையிலேயே இருந்தார். 1998இல் அவர் இறக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றுதான், எங்கள் காட்டில் எங்களுக்கு உரிமை.

கதிர்காமம் மொனராகலை மாவட்டத்தில்தான் இருக்கிறது. வேடர் மகள் வள்ளியைத் தேடி முருகனே வேடனாக வந்தான் என்று கும்பிட வருடா வருடம் நடந்து போகிறோம். அந்த வேடரின் பிள்ளை இன்றைக்குத் தன் தாத்தாவின் காட்டுக்குள் போனால் அது குற்றம். இதை நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

கம்பி

இனி நம் கதைக்கு வருவோம். தோட்டத்தில் காணி நமக்குச் சொந்தமில்லை, காடும் சொந்தமில்லை. லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் மரக்கறி போட்டால் ராத்திரியில் பன்றி வந்து உழுதுவிட்டுப் போகும். துவக்குக்கு லைசன்ஸ் எடுப்பது நம்மால் ஆகிற காரியமில்லை. அதனால் கம்பிச் சுருக்கு. சில இடங்களில் கட்டுத்துவக்கு, ஹக்கபட்டாஸ். சுருக்குப் போடுகிறவரைத் திட்டுவதற்கு முன்னால் இந்த நிலைமையைப் பார்க்க வேண்டும்.

ஆனால் பார்த்த பிறகும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். கம்பிக்குக் கண்ணில்லை. பன்றிக்குப் போட்ட சுருக்கில் சிறுத்தை விழுகிறது, நாய் விழுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத் தோட்டமொன்றில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் செத்துப்போனது. நம் மலைநாட்டில் அப்படியொன்று இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மாட்டினால் சிறைக்குப் போவதும் நம் பையன்தான்.

தாத்தாவின் வேட்டையில் ஒரு பாடம் இருந்தது. காற்றைப் பார்க்கணும், குரலைக் கேட்கணும், குஞ்சோடு நிற்கும் பெட்டையை விட்டுவிடணும். சுருக்கு வைக்கிறவன் காட்டில் நிற்பதே இல்லை. வைத்துவிட்டு வந்து லயத்தில் படுத்துக்கொள்கிறான், எது செத்தது என்று காலையில் போய்ப் பார்க்கிறான். அங்கே கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை.

தொரைமார் நம் தாத்தாக்களைத் திருடன் என்றதை நாங்கள் ஏற்கவில்லை. அதற்காகக் கம்பியை நம் பாரம்பரியம் என்றும் சொல்லமாட்டோம். மரக்கறித் தோட்டத்துக்கு வேலி வேண்டும், சேதத்துக்கு நட்டஈடு வேண்டும், காணி உரிமை வேண்டும். சுருக்கை விடச் சொல்கிற அதே வாயால் இதையும் கேட்கத்தான் போகிறோம்.

எங்கள் குழுவில் ஒரு சின்ன முடிவு எடுத்திருக்கிறோம். தம்பி தங்கைகள் "வேட்டைக்குப் போவோமா" என்று கேட்டால் கூட்டிப்போவோம். விடிய முன்னால், செருப்பில்லாமல், கம்பியும் இல்லாமல். துணியை மடித்துத் தொடையில் தட்டி, சேவல் வந்து நிற்பதைக் காட்டுவோம். திரும்பி வரும் வழியில், இந்தக் காடு யாருடையதாக இருந்தது என்ற கதையைச் சொல்லுவோம்.

உங்கள் தோட்டத்துத் தாத்தா, பாட்டியிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். தொரைமாரின் கணக்குப் புத்தகத்தில் நம் பெயர் இல்லை, நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.