சுவிஸ் குலமுறை ஆய்வு

சுவிட்சர்லாந்தைப் பூர்வீகமாகக் கொண்ட மூதாதையரின் பிறப்பு, திருமணம், இறப்பு, குடும்பக் கிளைகள் ஆகியவற்றை ஆவணங்களின் துணையோடு கண்டறிவது சுவிஸ் குலமுறை ஆய்வு. பழைய காலத்துக்கு நாடு தழுவிய ஒரே பதிவேடு இல்லை. கன்டோன் எனப்படும் 26 மாநிலங்களும் தத்தம் ஆவணக் காப்பகங்களைத் தனித்தனியே நடத்துகின்றன. ஆகவே மூதாதையரின் பூர்வீக ஊரை அறிவதே முதற்படி.

பூர்வீக ஊர்

சுவிஸ் குடியுரிமை ஊர், கன்டோன், கூட்டாட்சி என மூன்று நிலைகளைக் கொண்டது. இவற்றுள் ஊருரிமை, பிறந்த இடத்தையோ வசிக்கும் இடத்தையோ பொறுத்தது அன்று. மரபுப்படி தந்தைவழியே இறங்கி வருவது. ஜெர்மன் மொழியில் இப்பூர்வீக ஊரை ‘ஹைமாட்ஓர்ட்’ என்பர். சுவிஸ் கடவுச்சீட்டில் இன்றும் பிறந்த ஊர் அன்றி இதுவே குறிக்கப்படுகிறது. சூரிச்சில் பிறந்து ஜெனீவாவில் இறந்த ஒருவரின் பூர்வீகம், அவர் ஒருமுறையும் போயிராத மலைக்கிராமமாக இருக்கலாம். சுவிட்சர்லாந்தில் குடியேறிக் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழர்களுக்கும், அதை வழங்கிய ஊரே பூர்வீக ஊராகப் பதிவாகிறது.

வறியவரைத் தாங்கும் கடமை நெடுங்காலம் பூர்வீக ஊரின் மீதே இருந்தது. அதனால் தன் மக்கள் யார் என்பதை ஒவ்வோர் ஊரும் கருத்தாகக் குறித்துவைத்தது. அச்செலவைத் தவிர்க்க, 19ஆம் நூற்றாண்டில் ஏழைகளுக்குக் கப்பல் கட்டணம் கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பிய ஊர்களும் உண்டு. எந்த ஊரும் ஏற்காதிருந்தோருக்கு ஊருரிமை கிடைக்க 1850ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் வழிசெய்தது.

1988க்கு முன், மணமான பெண் கணவரின் ஊருரிமையைப் பெற்றுத் தன்னுடையதை இழந்தார். எனவே தாய்வழியைத் தொடர விரும்புவோர் ஒவ்வொரு தலைமுறையிலும் வேறோர் ஊரின் ஏடுகளைப் பார்க்க நேரலாம்.

ஆவணங்கள்

அரசின் குடிசார் பதிவு நாடு முழுவதும் 1876இல் தொடங்கியது. பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒரே பக்கத்தில் காட்டும் குடும்பப் பதிவேடு 1929இல் நாடெங்கும் கட்டாயமானது. சில கன்டோன்களில் அத்தகைய ஊர்ப் பதிவேடுகள் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன.

குடிசார் பதிவுக்கு முந்தைய காலத்துக்குத் தேவாலய ஏடுகளே முதன்மை ஆதாரம். சீர்திருத்தச் சபை வேரூன்றியபோது சூரிச்சில் 1520களின் நடுவிலும், பேர்னில் 1528இலும் ஞானஸ்நானங்களை எழுதிவைக்கும் முறை வந்தது. கத்தோலிக்கப் பங்குகளில் 1563இல் முடிவடைந்த திரெந்து பொதுச்சங்கத்துக்குப் பின் அது பரவியது.

1962இல் ஊருரிமை பெற்றிருந்த குடும்பங்களை ஊர்வாரியாகத் தொகுத்த சுவிஸ் குடும்பப்பெயர் நூல், ஒரு குடும்பப்பெயர் எந்தெந்த ஊர்களுக்கு உரியது என்பதைக் காட்டும் சிறந்த துணை. கிளாருஸ் கன்டோனின் குடும்பங்களுக்கு யோகான் யாக்கோப் குப்ளி-முல்லர் கையால் எழுதித் தொகுத்த வம்சாவளி ஏடுகள் அக்கன்டோனின் காப்பகத்தில் உள்ளன.

வெளிநாட்டுக் கிளைகள்

பேர்னிலிருந்து விரட்டப்பட்ட மறுஞானஸ்நானக்காரர் என்ற கிறித்தவப் பிரிவினர் பலர் அல்சாஸ், பலாட்டினேட் பகுதிகள் வழியே பென்சில்வேனியாவை அடைந்தனர். பிரேசிலின் நோவா பிரிபூர்கோவில் 1819இலும், அமெரிக்காவின் நியூ கிளாருசில் 1845இலும் சுவிஸ் குடியேற்றங்கள் அமைந்தன. படைப்பணிக்காக வெளிநாடு சென்றோரும் உண்டு: நெஷாத்தலைச் சேர்ந்த சார்ல்-தானியேல் தெ மெரோன் 1781இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் திரட்டிய படை, இலங்கையில் பணியாற்றி, 1795இல் ஆங்கிலேயர் பக்கம் மாறி, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையிலும் பங்குகொண்டது.

தேடும் முறை

தேடல் சந்ததியினர் வாழும் நாட்டிலேயே தொடங்க வேண்டும். குடியுரிமைத் தாள்கள், கப்பல் பயணிகள் பட்டியல், கல்லறைக் கல், குடும்ப வேதாகமம், பழைய கடிதங்கள் ஆகியவற்றில் ஊர்ப்பெயர் ஒளிந்திருக்கலாம். ‘சுவிட்சர்லாந்து’ என்று மட்டுமே இருந்தால் குடும்பப்பெயர் நூலைக் கொண்டு தேடவேண்டிய ஊர்களைக் குறைக்கலாம். புலம்பெயர்ந்த நாட்டில் பெயரின் எழுத்து மாறியிருப்பதையும் கருத வேண்டும். ஊர் தெரிந்தபின், அண்மைக்கால விவரங்களுக்குக் குடிசார் பதிவு அலுவலகத்தையும், பழைய ஏடுகளுக்குக் கன்டோன் காப்பகத்தையும் நாடலாம். தனியுரிமை கருதி அண்மைக்காலப் பதிவுகளைப் பார்க்கக் கட்டுப்பாடு உண்டு.

ஜெர்மன் பகுதியின் ஏடுகள் பெரும்பாலும் பழைய கூர்ரென்ட் கையெழுத்தில் உள்ளன. கத்தோலிக்கக் கன்டோன்கள் பெரும்பாலும் 1584இலும், சூரிச், பேர்ன் போன்ற சீர்திருத்தச் சபைக் கன்டோன்கள் 1701இலும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறின. இடைப்பட்ட காலத்தில் அண்டை ஊர்களின் தேதிகள் பெரும்பாலும் பத்து நாள் வேறுபடலாம். சிற்றூர்களில் ஒரே பெயர் பலருக்கும் இருந்தமையால், பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களையும் ஒப்பிட்ட பின்னரே ஒருவரைத் தம் மூதாதையர் என உறுதிசெய்ய வேண்டும்.