அந்த எலி யாரோட எலி?

போன மாசம் எங்க குடியிருப்பு மீட்டிங்ல ஒரே ரகளை. கீழ்வீட்டு மாமாவோட கார் ஒயரை எலி கடிச்சு வெச்சிருக்கு. செலவு பல ஆயிரம். "அசோசியேஷன்தான் பார்க்கணும்"னு அவர் சொல்ல, "அவங்கவங்க வீட்டை அவங்கவங்க பார்த்துக்கணும்"னு செக்ரட்டரி சொல்ல, கடைசியில மனு எழுதிக்கிட்டு உள்ளாட்சி அலுவலகத்துக்கு ரெண்டு பேர் போனோம். அதில் ஒருத்தன் அடியேன்.

அங்கே இருந்தவர் பொறுமையா மனுவைப் படிச்சுட்டு ஒரு தத்துவம் சொன்னார். "சார், தெருவுல ஓடுற எலி எங்க எலி. காம்பவுண்டுக்குள்ள வந்துட்டா உங்க எலி."

எலிக்கு இது தெரியுமா சார்னு கேட்க நினைச்சேன். கேட்கலை. :-)

வீட்டுக்கு வந்தப்புறமும் அந்த வரி மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டிருந்தது. எலி யார் பொறுப்பு? தோண்டிப் பார்த்தா, இந்த ஒரு கேள்விக்காக நூறு வருஷத்துக்கு மேல மனுஷங்க செத்திருக்காங்க, சட்டம் போட்டிருக்காங்க, ஊரையே மாத்திக் கட்டியிருக்காங்க. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

1896 செப்டம்பர். பம்பாய் துறைமுகத்தை ஒட்டின மாண்ட்வி. தானியக் கிடங்குகளும் நெருக்கடியான வீடுகளும் நிறைஞ்ச பகுதி. கிடங்குகள்ல எலிகள் செத்து விழுந்துச்சு. அப்புறம் மனுஷங்களுக்குக் காய்ச்சல், அக்குள்ளயும் தொடை இடுக்குலயும் நெறிகட்டு. இது பிளேக்தான்னு முதல்ல சொன்னவர் அகாசியோ வியேகாஸ் என்கிற கோவாக்காரர். மருத்துவர், மாநகராட்சி உறுப்பினரும் கூட.

மாநகராட்சி என்ன செஞ்சது? அதுக்குத் தெரிஞ்சதைச் செஞ்சது. அழுக்கும் கெட்ட காத்தும்தான் நோய்க்குக் காரணம்னு நம்பின காலம். சாக்கடைக்குள்ள கடல் தண்ணியும் கார்பாலிக் அமிலமும் ஊத்தினாங்க. சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சாங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க: சாக்கடைக்குள்ள அமிலம் ஊத்தினா அங்கே இருக்கிற எலி எங்கே போகும்? நேரா வீட்டுக்குள்ளதான்.

மக்கள் லட்சக்கணக்கில் ஊரைக் காலி பண்ணினாங்க. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது (2020ல் கொரோனா வந்தப்போ தூசி தட்டி எடுத்தாங்களே, அதே சட்டம்தான்). அடுத்த மாசமே பம்பாயில் பிளேக் வேலையை மாநகராட்சி கையிலிருந்து பிடுங்கி, கேட்டகர் என்கிற ராணுவ அதிகாரி தலைமையில் ஒரு கமிட்டிகிட்ட கொடுத்தாங்க. வீடு புகுந்து சோதனை, ஸ்டேஷன்ல பயணிகளை இறக்கிப் பரிசோதனை, நோயாளியை இழுத்துக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில் அடைக்கிறது, சாமான்களைக் கொளுத்துறது. பூனாவில் இந்த வேலையைப் பட்டாளத்தை வெச்சு நடத்தின ராண்ட் என்கிற அதிகாரியை 1897 ஜூன் 22 ராத்திரி சாபேகர் சகோதரர்கள் சுட்டாங்க. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைன்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே, அதை நிஜமாவே செஞ்சு காட்டின அரசாங்கம் அது. கொளுத்தினதெல்லாம் மனுஷன் வீடு. எலியை யாரும் கண்டுக்கவே இல்லை.

1898ல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்கிற பிரெஞ்சு மருத்துவர் ஒரு சோதனை செஞ்சார். ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்துக்குள்ள பிளேக் வந்த எலி. அதைத் தொட முடியாதபடி தனிக்கூண்டுல நல்ல எலி. நோய் எலி செத்தது. சில நாள்ல நல்ல எலியும் செத்தது. ரெண்டுக்கும் நடுவில் போய்வர முடிஞ்ச ஒரே ஆள் தெள்ளுப்பூச்சி. ஆனா அன்னிக்கு இதைப் பெரும்பாலானவங்க ஏத்துக்கலை. 1905ல் அமைச்ச ஆராய்ச்சிக் குழு பம்பாய் பரேல் ஆய்வுக்கூடத்தில் எலிகளை மலைமலையா அறுத்துப் பார்த்து, நோய் வந்த வீடுகள்ல கினிப் பன்றிகளை விட்டுத் தெள்ளுப்பூச்சி சேகரிச்சுப் பார்த்து, "ஆமாம், அவர் சொன்னது சரி"ன்னு சொல்ல இன்னும் சில வருஷம் ஆச்சு. மொத்தத்தில் அந்தப் பிளேக் இந்தியாவில் 1 கோடிக்கும் மேல உயிரைக் குடிச்சுட்டுத்தான் அடங்கினது.

குற்றவாளி எலின்னு தெரிஞ்சாச்சு. அடுத்து? கொல்லு! எவ்வளவு கொன்னேன்னு எண்ணு! இந்த எண்ணிக்கை மோகம் எங்கே கொண்டுபோய் விடும்ங்கறதுக்கு வியட்நாம்ல ஒரு அழகான பாடம் இருக்கு. 1902ல் ஹனோய் பிரெஞ்சுக்காரங்க ஆட்சியில் இருந்தது. தங்களுக்காகப் புதுசாக் கட்டின பாதாளச் சாக்கடை எலிகளுக்குச் சொர்க்கமாப் போச்சு. முதல்ல ஆள் வெச்சுக் கொன்னாங்க. ஒரே நாள்ல ஆயிரக்கணக்கில் செத்தும் குறையலை. அப்புறம் வாலைக் கொண்டுவந்தா காசுன்னு அறிவிச்சாங்க. வால் குவிஞ்சது. கொஞ்ச நாள்ல பார்த்தா தெருவுல வால் இல்லாத எலிங்க ஓடுது. வாலை மட்டும் நறுக்கிட்டு, குட்டி போடட்டும்னு விட்டிருக்காங்க! ஊருக்கு வெளியே எலிப்பண்ணையே வெச்சவங்களும் உண்டு. திட்டத்தை மூட்டை கட்டினாங்க.

சிரிச்சுட்டீங்களா? சரி, மும்பைக்குத் திரும்புவோம். அங்கே மாநகராட்சியில் ராத்திரி எலி அடிக்கறதுக்குன்னே ஆட்கள் உண்டு. கையில ஒரு டார்ச், ஒரு தடி. குப்பைச் சந்துகள்ல ராத்திரி முழுக்க அலைஞ்சு, விடிகாலையில் பிணங்களைக் கணக்குக் காட்டணும். ஒரு ராத்திரிக்கு 30 எலி. குறைஞ்சா அன்னிக்குக் கூலி கேள்விக்குறின்னு 2010களில் வந்த செய்திகள் சொல்லுச்சு. அந்த மனுஷங்களைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனா எலியோட கணக்கைப் பாருங்க. சினை மூணு வாரம். ஒரு ஈத்துக்கு ஆறு, எட்டு குட்டி. அந்தக் குட்டி ரெண்டு மூணு மாசத்துல தாயாகும். குப்பைமேடு அப்படியே இருக்கிற வரைக்கும் 30 என்ன, 300 அடிச்சாலும் அந்தக் காலி இடத்தை நிரப்ப அடுத்த ஈத்து ரெடி.

இந்த இடத்துலதான் "யாரோட எலி"ங்கற கேள்வி திரும்ப வருது. பிரிட்டனில் 1919ல் போட்ட எலிச் சட்டம், இடத்தில் குடியிருக்கிறவர்தான் எலியை ஒழிக்கணும்னு சொன்னது. நம்ம அலுவலகத்துக்காரர் மாதிரியேதான். 1949ல் வேற சட்டம் போட்டு, தன் எல்லைக்குள்ள எலி இல்லாமப் பார்த்துக்கறது ஒவ்வொரு உள்ளாட்சியோட கடமைன்னு எழுதினாங்க. வீட்டுக்காரர் பொறுப்பு போயிடலை. ஆனா முதல் பொறுப்பு யாருதுன்னு தெளிவாச்சு. எலி காம்பவுண்டு பார்த்து வாழறதில்லை, சாக்கடை பார்த்து வாழுது. சாக்கடை யாருது? ஊரோடது.

நம்ம நாட்டிலும் ஒரு ஊர் இதைக் கத்துக்கிட்டது, அடிபட்டு. 1994 செப்டம்பர், சூரத். வெள்ளம் வடிஞ்ச ஊர், அள்ளாத குப்பை, பிளேக் பீதி. லட்சக்கணக்கில் ஜனம் ரயிலேறி ஓடினாங்க. 1995ல் எஸ்.ஆர். ராவ் மாநகராட்சி ஆணையரா வந்தார். அதிகாரிகளைக் காலையில் ஏசி அறையிலிருந்து தெருவுக்கு அனுப்பினார். ராத்திரியிலும் தெரு கூட்டினாங்க. குப்பை தினமும் போச்சு. 1996ல் சண்டிகருக்கு அடுத்த சுத்தமான நகரம்னு ஒரு ஆய்வு சூரத்தைச் சொன்னது. அவர் வாலை எண்ணலை. குப்பை லாரியை எண்ணினார்.

பழைய பம்பாய்க்கும் ஒரு நல்ல முடிவு உண்டு, பாதிதான். 1898ல் பிளேக் பயத்தில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒண்ணு அமைச்சாங்க. அகலமான தெருக்கள், காத்தோட்டம், புதுப் பேட்டைகள். இடிச்ச வீடுகள்ல இருந்த ஏழைங்க பலருக்கு மாத்து வீடு கிடைக்கலைங்கறது அந்தக் கதையோட கறுப்புப் பக்கம். அவங்க திட்டம் போட்டு உருவாக்கின இடங்கள்ல ஒண்ணுதான் தாதர் - மாட்டுங்கா. ஆமாங்க, பின்னாடி நம்ம தமிழ் ஜனம் போய்க் குடியேறி, இட்லிக்கும் ஃபில்டர் காபிக்கும் பேர் வாங்கின அதே மாட்டுங்கா. எலி போட்ட தெருன்னு சொன்னா ரொம்பத் தப்பில்லை.

எங்க தெருமுனைக் குப்பைத்தொட்டி நிரம்பி நாலு நாள் ஆச்சு. பக்கத்துல மூடியில்லாத சாக்கடை. அதுக்கு அடுத்து எங்க காம்பவுண்டு சுவர். அடுத்த மனுவில் எலியைப் பத்தி ஒரு வார்த்தை எழுதப் போறதில்லை. தொட்டியையும் சாக்கடை மூடியையும் மட்டும் எழுதப் போறேன். அது ரெண்டும் யாரோடதுன்னு கேட்டா, அந்தப் பெரியவர் என்ன தத்துவம் சொல்றார்னு பார்ப்போம்.

மாமா மட்டும் கார் பானெட்டுக்குள்ள புகையிலை வெச்சிருக்கார். உங்க ஊர்ல எப்படி? சொல்லிட்டுப் போங்க.