மறுவும் ஊனமும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இளங்குதிரை மதிப்பீடு

முன்னுரை

குதிரைக் கண்காட்சி அழகுப் போட்டி மட்டுமன்று. விலை, இனப்பெருக்கம், உழைப்புத்திறன் ஆகிய மூன்றும் ஒருங்கே மதிப்பிடப்படும் களம் அது. முழு வளர்ச்சி எய்தாத குதிரையொன்றின் காலில் சிறு புடைப்பு காணப்படுமாயின், அது தோற்றத்தை மட்டும் கெடுக்கும் மறுவா, பயனைக் குறைக்கும் ஊனமா என்னும் வினா எழுகிறது. வளர்த்தவரின் பல்லாண்டு உழைப்பும் வாங்குவோரின் பணமும் இவ்வினாவின் விடையைச் சார்ந்திருந்தன. இளங்குதிரைகளிடம் மிகுதியாகத் தோன்றும் ‘ஸ்பிளிண்ட்’ என்னும் எலும்புப் புடைப்பை முன்வைத்து, இங்கிலாந்தில் மறு, ஊனம் என்னும் பாகுபாடு உருவான முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

புடைப்பின் இயல்பு

குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு பெரிய எலும்பும், அதன் இருபுறமும் இரண்டு மெல்லிய எலும்புகளும் உள்ளன. இளமையில் இவை நார்த்திசுவால் பிணைக்கப்பட்டிருக்கும்; வயது ஏற ஏற அப்பிணைப்பு எலும்பாக இறுகுகிறது. அவ்வாறு இறுகுவதற்கு முன்னர், பயிற்சியின் பளுவாலோ மற்றொரு காலின் குளம்பு இடிப்பதாலோ அவ்விடம் அழற்சியுற்றால், அங்குப் புதிய எலும்பு படிந்து புடைக்கிறது. முன்னங்காலின் உட்புறத்திலேயே இது மிகுதி. தொடக்கத்தில் சூடும் வலியும் நொண்டலும் தோன்றலாம். பின்னர் அவை தணிந்து, வலியற்ற கட்டி மட்டும் எஞ்சும். அதுவும் காலப்போக்கில் சிறுத்துவிடுவதுண்டு. ஆயின், முழங்கால் மூட்டை ஒட்டியோ பின்புறத் தசைநாரை உரசும் வகையிலோ அமைந்த புடைப்பு நொண்டலை நீட்டிக்கக்கூடும். வில்லியம் யூவாட் 1831இல் வெளியிட்ட குதிரை பற்றிய நூல், புடைப்பின் இடத்தைக் கொண்டே அதனை ஊனமெனக் கொள்வதா என்று முடிவு செய்தது.

நீதிமன்றத்தின் அளவுகோல்

இதே காலப்பகுதியில் மார்கெட்சன் எதிர் ரைட் என்னும் வழக்கு நீதிமன்றத்திற்கு வந்தது. விற்பனையின்போதே குதிரையின் காலில் ஸ்பிளிண்ட் இருந்தது. விற்றவர் அதனை மறைக்கவில்லை. அந்நேரத்தில் குதிரை நலமாக உள்ளது என்றும் அவர் உறுதியளித்திருந்தார். பின்னர்க் குதிரை நொண்டியது. 1831இல் இவ்வழக்கை ஆராய்ந்த நீதிமன்றம், கண்ணுக்குத் தெரியும் குறைக்குப் பொதுவான உறுதிமொழி பொருந்தாது என்னும் கொள்கையை எடுத்துரைத்தது. ஆயினும் 1832இல், பின்னாளைய நொண்டலுக்கான காரணம் விற்பனை நாளிலேயே அப்புடைப்பில் அடங்கியிருந்தது என்று நடுவர் குழு கண்டமையால், உறுதிமொழி மீறப்பட்டதாகத் தீர்ப்பாயிற்று. புடைப்பைக் கண்ணால் காணலாம். அதன் விளைவைக் காண இயலாது என்பதே இம்முடிவின் அடிப்படை.

நீதிபதி பார்க் 1838இலும் 1842இலும் அளித்த தீர்ப்புகள் இதனைப் பொதுவிதியாக்கின. விலங்கின் இயல்பான பயனை இப்போது குறைக்கும் நோயோ உடலமைப்பு மாற்றமோ மட்டுமன்றி, தன் வழக்கமான போக்கில் பின்னர்க் குறைக்கக்கூடியதும் ஊனமே எனப்பட்டது. இவ்வளவுகோலின்படி, பயனைப் பாதிக்காத வடு ஊனமாகாது.

கண்காட்சிக் களம்

1838இல் தோன்றிய ஆங்கில வேளாண்மைச் சங்கம் 1839இல் ஆக்ஸ்போர்டில் முதற் கண்காட்சியை நடத்தியது. 1840இல் அரச சாசனம் பெற்றது. பின்னர் இலண்டன் இஸ்லிங்டனிலும் குதிரைக் கண்காட்சிகள் நடைபெற்றன. இளங்குதிரைகளை ஏறிச் செலுத்தாமல் கையில் பிடித்து நடத்திக் காட்டும் பிரிவுகளில், உடலமைப்பும் நடையுமே நடுவருக்குக் கிடைக்கும் சான்றுகள். உழைத்துக் காட்டிய வரலாறு இளங்குதிரைக்கு இல்லை. எனவே முதிர்ந்த சவாரிக் குதிரையின் வடு உழைப்பின் அடையாளமாகப் பொறுத்துக்கொள்ளப்படலாம். அதே வடு இளங்குதிரையிடம் எதிர்காலம் குறித்த ஐயமாக மாறுகிறது. நீதிமன்றம் எதிர்கொண்ட காலச் சிக்கலே இங்கும் உள்ளது. நீதிமன்றம் நொண்டல் வெளிப்பட்ட பின்னர்த் தீர்ப்பளித்தது. கண்காட்சி நடுவரோ சில நிமிடப் பார்வையில் முடிவு கூற வேண்டியிருந்தது.

நூற்றாண்டின் இறுதியில் மூன்றாவது அளவுகோல் ஒன்று வலுப்பெற்றது. 1878இல் நிறுவப்பட்டு 1884இல் ஷயர் குதிரைச் சங்கம் எனப் பெயர் பெற்ற அமைப்பின் கண்காட்சிகளில் மருத்துவச் சோதனை முக்கிய இடம்பெற்றது. 1887இல் அமைக்கப்பட்ட குதிரை இனப்பெருக்க ஆணையமும் பரிசுத்தொகை பெறும் பொலிகுதிரைகளிடம் பரம்பரை நோய் இன்மையை எதிர்பார்த்தது. இதன் தொடர்ச்சியாக வந்த 1918ஆம் ஆண்டின் குதிரை இனப்பெருக்கச் சட்டம் பொலிகுதிரைகளுக்கு உரிமம் வழங்கும் முறையைக் கொணர்ந்தது. கண்புரை, மூச்சிரைச்சல், ரிங்போன், சைட்போன், போன் ஸ்பாவின், நாவிகுலர் நோய் முதலியன உரிமத்தைத் தடுத்தன. கால்நோய்கள் பல இடம்பெற்ற அப்பட்டியலில் ஸ்பிளிண்ட் இடம்பெறவில்லை.

முடிவுரை

ஒரே புடைப்பு மூன்று இடங்களில் மூன்று வகையாக மதிப்பிடப்பட்டது. நீதிமன்றம் பயனையும், கண்காட்சி தோற்றத்தையும் நடையையும், உரிம முறை பரம்பரையையும் அளவுகோலாகக் கொண்டன. கண்காட்சியில் பரிசை இழந்த குதிரை நல்ல உழைப்பாளியாகவும், குறையற்ற வழித்தோன்றல்களைத் தரக்கூடியதாகவும் இருந்திருக்க இயலும். ஆதலின் கண்காட்சிப் பரிசுப் பட்டியல்களை அக்காலக் குதிரைகளின் உடல்நலத்திற்கு நேர்ச்சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. அவை நடுவரின் நோக்கத்திற்கும் சான்றாகும். மறுவுக்கும் ஊனத்திற்கும் இடையிலான எல்லை, குதிரையின் காலைப் போலவே அதனை மதிப்பிட்டவரின் தேவையையும் சார்ந்து வரையப்பட்டது.