ஒப்பந்த மீறலும் இழப்பீடும்: ஓர் அச்சுத்தண்டு வழக்கு

ஒப்பந்தத்தை மீறியவர், அதனால் மற்றவருக்கு நேர்ந்த நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும். எந்த நட்டம் வரை என்பதில்தான் சிக்கல். இந்திய நீதிமன்றங்கள் இன்று பின்பற்றும் அளவுகோல், இங்கிலாந்தில் 1854-இல் தீர்ப்பான ஹாட்லி எதிர் பாக்சென்டேல் வழக்கிலிருந்து வந்தது.

குளோஸ்டர் நகரின் நீராவி மாவு ஆலை ஒன்றில் 1853 மே மாதம் எந்திரத்தின் அச்சுத்தண்டு முறிந்தது. மாற்றுத் தண்டு கைவசம் இல்லை. புதியது செய்வதற்கு, முறிந்ததையே மாதிரியாகக் கிரீனிச்சில் இருந்த தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பிக்ஃபோர்டு என்ற சரக்குப் போக்குவரத்து நிறுவனம் 2 பவுன் 4 ஷில்லிங் கூலி பெற்றுக்கொண்டது. கவனக்குறைவால் தண்டு தாமதமாகப் போய்ச் சேர, ஆலை மேலும் சில நாட்கள் ஓடாமல் நின்றது. ஆலைக்காரர்கள் 300 பவுன் கேட்டார்கள். நிறுவனம் 25 பவுனை நீதிமன்றத்தில் கட்டியது. ஜூரியார் கூடுதலாக 25 பவுன் தரச் சொன்னார்கள்.

எக்ஸ்செக்கர் நீதிமன்றம் இதை ஏற்காமல் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. மீறலிலிருந்து இயல்பாக விளையும் நட்டத்தையும், ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்பாரும் எதிர்பார்த்திருக்கக்கூடிய நட்டத்தையும் மட்டுமே கேட்கலாம் என்றார் நீதிபதி ஆல்டர்சன். மாற்றுத் தண்டு இல்லாததால் ஆலையே நிற்கும் என்பது நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பது அவர் கருத்து. ஆனால், ஆலை நின்றுவிட்டதாக நிறுவன எழுத்தரிடம் கூறியதாக அச்சான வழக்கு அறிக்கையின் முகப்புக் குறிப்பிலேயே காணப்படுகிறது! விதி நல்ல விதிதான்; அந்த ஆலைக்காரர்களுக்கு நியாயம் கிடைத்ததா என்பது ஐயமே.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 73-ஆம் பிரிவில் இவ்விதியை ஏற்றுக்கொண்டது. அப்பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்றிலும் ஓர் ஆலை வருகிறது. எந்திரம் வராமல் ஆலை நிற்கிறது என்று சொல்லியே அனுப்பியிருந்தால், தாமதமான நாட்களுக்குரிய சராசரி லாபம் கிடைக்கும். அதனால் கைநழுவிய அரசாங்க ஒப்பந்தத்துக்கு இழப்பீடு கிடையாது.

சென்னை உயர்நீதிமன்றத்தில் 1898-இல் இவ்விதி ஒரு தையற்காரரின் பிழைப்பைத் தொட்டது. திருவிழாக் கூட்டத்தில் நல்ல வரும்படி கிடைக்கும் என்று நம்பி, அவர் தம் தையல் எந்திரத்தையும் துணிகளையும் சென்னை ரயில்வே கம்பெனி மூலம் அனுப்பினார். அவை வந்து சேர்ந்தபோது திருவிழா முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. தவறு கம்பெனியின் ஊழியர்களுடையது. ஆயினும் திருவிழாவுக்காக அனுப்புவதாக அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆகவே கைவிட்டுப்போன லாபத்தை அவர் பெற முடியவில்லை. சரக்கைப் பதியும்போதே அவசரத்தை எழுத்தில் தெரிவித்திருந்தால் வழக்கு வேறு திசையில் போயிருக்கக்கூடும்.

பணம் மட்டுமே பரிகாரம் அன்று. சொன்னதைச் சொன்னபடி நிறைவேற்றுமாறு கட்டளையிடும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. இது முன்பு நீதிபதியின் விருப்புரிமையாக இருந்தது. குறித்த பரிகாரச் சட்டத்தில் 2018-இல் வந்த திருத்தம் அந்த விருப்புரிமையைப் பெரிதும் குறைத்தது. பாதிக்கப்பட்டவர் 30 நாட்களுக்குக் குறையாத எழுத்து அறிவிப்புக் கொடுத்தபின், வேலையை வேறொருவரைக் கொண்டு முடித்து, அந்தச் செலவை மீறியவரிடம் பெறவும் அத்திருத்தம் வழிசெய்தது.