பாட்டுக்கு வயல் வாங்கிய ஊர்



தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிற சாலையிலே, அருவிக்கு முன்னாலே ஒரு ஊர் வரும். மேலகரம் என்று பேர். குளிக்கப் போகிற அவசரத்திலே இருக்கிறவர்கள் யாரும் இங்கே இறங்குவதில்லை. ஒரு பக்கம் தென்காசிக் கோபுரம், இன்னொரு பக்கம் பேரருவி. நடுவிலே இருக்கிற ஊரை யார் பார்ப்பார்கள்? ஆனால் பயிர் வைக்கிற நாம் கட்டாயம் பார்க்க வேண்டிய ஊர் இது. ஒரு புலவர் பாட்டுக் கட்டி, அதற்குப் பரிசாக வயல் வாங்கிய ஊர்.

பேரைப் பிரித்தால் மேல அகரம். நம்ம திருநெல்வேலிச் சீமையிலே மேற்கைத்தானே மேல என்போம்? மேலத்தெரு, மேலரதவீதி மாதிரி. அகரம் என்றால் அந்தணர் குடியிருப்பு. இப்போது இது பேரூராட்சி. 2019 நவம்பரிலே தென்காசி தனி மாவட்டமான பிறகு, மாவட்டத் தலைநகரை ஒட்டின ஊராகவும் ஆகிவிட்டது.

மேற்கே நிற்பது திரிகூடமலை. மூன்று சிகரம் என்பதாலே அந்தப் பேர். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயிலே மலை தாழ்ந்து வழி விடுகிறது. ஆனி, ஆடியிலே மலையாளத்து மழைக்காற்று அந்த வழியாக நுழைந்து இங்கே சாரலாகச் சிந்துகிறது. கிழக்கே போகப் போக அதே காற்று வெறுங்காற்றாகிவிடும். மற்ற ஊர்க்காரர்கள் ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இந்தப் பக்கத்திலே கார் சாகுபடியே முடிந்து பிசானத்துக்கு நாற்றுப் பாவுகிற யோசனை ஓடும். எல்லாம் சிற்றாற்றுத் தண்ணீர். மலையிலிருந்து அருவியாக விழுந்து, தென்காசியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடி, சீவலப்பேரியிலே தாமிரபரணியோடு சேருகிற ஆறு. வழியெல்லாம் அணைக்கட்டு, அணையிலிருந்து கால், காலிலிருந்து குளம். தலைப்பிலே இருக்கிற அணையை நம்ம பக்கத்திலே தலையணை என்பார்கள். படுக்கிற தலையணை இல்லை. ஆனாலும் அதை நம்பித்தான் கீழ்மடைக்காரன் ராத்திரி தூங்குகிறான்!

இந்த மேலகரத்திலே பிறந்தவர்தான் திரிகூடராசப்பக் கவிராயர். பதினெட்டாம் நூற்றாண்டிலே குற்றாலநாதர் கோயில் வித்துவானாக இருந்தவர். தலபுராணம், அந்தாதி என்று நிறையப் பாடியிருக்கிறார். அதெல்லாம் படித்தவர்களோடு நின்றுபோயிற்று. ஊரெல்லாம் பரவினது திருக்குற்றாலக் குறவஞ்சி ஒன்றுதான். 1944-ஆம் ஆண்டிலே ருக்மிணி தேவி அதைச் சென்னை கலாக்ஷேத்திராவிலே நாட்டிய நாடகமாக ஆடவைத்தார். குற்றாலத்திலேயே குடியிருந்த ரசிகமணி டி.கே.சி. அதன் அருமையைச் சொல்லிச் சொல்லித் தமிழ்நாட்டுக்குக் காட்டினவர்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். குற்றாலநாதர் உலா வருகிறார், வசந்தவல்லி மயங்குகிறாள், மலைக்குறத்தி வந்து குறி சொல்லிப் பரிசு வாங்கிக்கொண்டு போகிறாள். பிறகு அவள் புருஷன் சிங்கன் பறவை பிடிக்க வருகிறான். அங்கேதான் நாம் காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ள வேண்டும்.

பறவைகள் எங்கெங்கே மேய்கின்றன என்று ஒரு பாட்டு வருகிறது. சும்மா வயல், குளம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை கவிராயர். குலசேகரப்பட்டிக் குளங்கள், ஆயிரப்பேரி, தென்காசி என்று இடம் இடமாகப் பேர் சொல்லிக்கொண்டே போகிறார். யார் கட்டளைக்கு விட்ட பற்று, யார் செய்த திருப்பணி என்று நிலத்தோடு ஆளையும் சேர்த்துச் சொல்கிறார். கேட்கிறவனுக்கு அது பாட்டு. கோயில் கணக்குப்பிள்ளைக்கு அடங்கல்! இன்ன நிலம் கோயிலுக்குப் பாத்தியம் என்று ஊர் கூடியிருக்கிற இடத்திலே, ஆட்டத்தோடே பாடியாயிற்று. அப்புறம் யார் மறுத்துப் பேசுவார்கள்? இதுக்குப் பறவையைக் கூப்பிட்டதும் தெரிந்து செய்த காரியம்தான். கொக்கும் நாரையும் எங்கே இறங்குமோ அங்கே தண்ணீர் நிற்கிறது, மீனும் நண்டும் இருக்கிறது என்று அர்த்தம். அது நன்செய்க்கு அடையாளம். புஞ்சைக் காட்டிலே போய் நாரை நிற்குமா?

மதுரையை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் இந்தக் குறவஞ்சியைக் கேட்டு மகிழ்ந்து, கவிராயருக்கு நிலம் மானியமாக விட்டுச் செப்புப் பட்டயமும் கொடுத்தார். பொன்னும் பட்டும் கொடுத்திருந்தால் அடுத்த தலைமுறைக்கே தங்கியிருக்காது. நிலம் தங்கியது. அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பேர் விழுந்துவிட்டது.

இதே ஊர் தந்த இன்னொரு பெரியவர் மேலகரம் சுப்பிரமணிய தேசிகர். திருவாவடுதுறை ஆதீனத் தலைவராக இருந்து, இளம் வயது உ.வே.சாமிநாதையரை ஆதரித்தவர். மடத்துக்குத் தலைவரான பிறகும் பேருக்கு முன்னாலே ஊர் ஒட்டிக்கொண்டே இருந்தது பாருங்கள்.

மானியத்தின் கதைக்குத் திரும்புவோம். 1963-ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. மானியம் என்கிற வகையே தீர்ந்து, அப்படிப்பட்ட நிலங்கள் ரயத்துவாரி ஆயின. அது நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. உழுதவனுக்குப் பட்டா கிடைத்த இடத்திலே நல்லது என்றே நான் சொல்வேன். ஆனால் பட்டாவிலே சர்வே எண் வரும், உட்பிரிவு வரும், பரப்பு வரும். வயலின் பேர் வராது. பேர் நம்ம வாயிலேதான் இருக்கிறது.

இப்போது தென்காசி–குற்றாலம் சாலையை ஒட்டின வயல்களிலே மண் அடித்து மனைக்கல் ஊன்றுகிறார்கள். மேல்மடை வயலை ஒருத்தர் மேடாக்கினால் வாய்க்கால் அங்கேயே முட்டிக்கொள்கிறது. கீழ்மடைக்காரர் தண்ணீருக்குச் சுற்றி வர வேண்டும், இல்லை நிலத்தைத் தரிசு போட வேண்டும். பிறகு அவரும் விற்கிறார். புது மனைக்கு ஏதோ ஒரு நகர் என்று பேர் வைத்தாயிற்று. அங்கே ஓடின காலின் பேரும், வயலின் பேரும் அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. ஆக்கிரமிப்பு என்று மனுக் கொடுக்கப் போனால்கூட, எந்தக் கால் என்று சொல்லத் தெரிய வேண்டுமல்லவா?

வீட்டிலே பெரியவர்கள் இருந்தால் வரப்பு வரப்பாகக் கேட்டு, சர்வே எண்ணுக்கு நேரே பழைய பேரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மடையின் பேர், காலின் பேர் எல்லாமே. கிரயமோ பாகப் பிரிவினையோ செய்கிறபோது, சொத்து விவரத்திலே நான்கு எல்லையோடு அந்தப் பேரையும் சேர்த்து எழுதச் சொல்லலாம். பத்திரத்திலே ஒரு வரி கூடும். அதற்காக முத்திரைக் கட்டணம் கூடாது.